ஏரியின் வரவும் செலவும்

சென்னையிலிருந்து ரயிலேறி வரும் தமிழர் பலருக்குச் சாந்த்ராகாச்சி என்பது மூட்டை முடிச்சுகளைச் சரிபார்த்துக்கொள்ளும் இடம். ஹௌரா நெருங்கிவிட்டது என்பதற்கு அடையாளம். அந்த நிலையத்தை அடுத்தே ரயில்வேக்கு உரிய ஏரி ஒன்று உள்ளது. பரப்பு சுமார் 30 ஏக்கர். பனிக்காலத்தில் அங்கே ஆயிரக்கணக்கான நீர்ப்பறவைகள் வந்து தங்குகின்றன. இயற்கை தன் செல்வங்களைச் சுழற்சியில் வைத்துக் காக்கும் விதத்தை அறிய இவ்வேரியே நமக்குப் போதிய பாடமாகும்.

முதலில் நீரைப் பார்ப்போம். வங்கக் கடலின் நீர் ஆவியாகி மேலெழுந்து, ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்றுடன் வங்காளத்தில் மழையாகப் பொழிகிறது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்று அதே கடலின் ஈரத்தைத் தமிழகத்திற்குக் கொண்டு செல்கிறது. இங்குள்ள நமக்கும் ஊரிலுள்ள உறவினர்க்கும் ஒரு கடலே நீர் வார்க்கிறது எனலாம். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஏரிநீர் ஆவியாகும்போது நீர் மட்டுமே விண்ணேறுகிறது. அதில் கரைந்துள்ள சத்துக்கள் பின்தங்கிவிடுகின்றன. அவற்றுக்கு வேறு வழி வேண்டும்.

அச்சத்துக்களுள் ஒன்று நைட்ரஜன். காற்றில் நூற்றுக்கு 78 பங்கு இதுவே. எனினும் செடிகள் இதனை நேரே உண்ண இயலாது. உளுந்து, பயறு போன்றவற்றின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் அதைப் பிடித்துச் செடிக்கு உணவாக்கித் தருகின்றன. நெல் அறுத்த வயலில் பயறு விதைக்கும் நம் உழவர் வழக்கத்தின் பயன் இதுவே. செடியும் விலங்கும் மடிந்து மட்கும்போது நைட்ரஜன் மண்ணை அடைகிறது. வேறு சில நுண்ணுயிர்கள் அதில் ஒரு பகுதியைக் காற்றுக்கே திருப்பி அனுப்புகின்றன.

பாஸ்பரஸின் கதை வேறு. அதற்கு வான்வழி இல்லை என்றே சொல்லலாம். பாறை கரைந்து மண்ணில் சேர்ந்து, மழைநீரோடு பள்ளம் நோக்கி வந்து, ஏரியின் அடிச்சேற்றில் படிகிறது. கோடையில் ஏரி வண்டலை வண்டியில் ஏற்றி வயலில் கொட்டிய நம் முன்னோர், கீழிறங்கிய செல்வத்தை மீண்டும் மேடேற்றினர்.

பறவைகளும் இவ்வாணிபத்தில் பங்கு கொள்கின்றன. சாந்த்ராகாச்சியில் மிகுதியாகக் காணப்படும் சீழ்க்கைச் சிறகி, வங்காளிகள் ‘சரால்’ என்று அழைக்கும் சிறு வாத்து. அது இரவில் வயல்களிலும் குட்டைகளிலும் மேய்ந்து, பகலில் ஏரியில் இளைப்பாறும். வயலின் சத்து எச்சமாக ஏரியில் சேர்கிறது. வேடந்தாங்கல் மக்கள் இதனைப் பண்டே அறிந்திருந்தனர். எச்சம் கலந்த ஏரிநீர் பயிருக்கு உரமாவதைக் கண்டு பறவைகளைக் காத்தனர்; 1798இல் ஆங்கில ஆட்சியரும் அப்பாதுகாப்பை ஏற்றார்.

வேடந்தாங்கலில் ஏரிநீர் வயலுக்குப் பாய்ந்து வரவைச் செலவாக்குகிறது. சாந்த்ராகாச்சியிலோ வரவு மிகுதி, செலவு குறைவு. சுற்றுப்புற வீடுகளின் கழிவுநீர் ஏரியில் கலக்க, மிகுந்த சத்தை உண்டு வெங்காயத்தாமரை நீர்ப்பரப்பை மூடுகிறது. கீழே ஒளி புகாது, மடிந்த இலைகள் அழுகும்போது நீரிலுள்ள பிராணவாயு குன்றும், மீன்கள் மடியும், பறவைகள் இறங்க இடமிராது. கழிவுநீரைத் தடுத்துத் திருப்ப ஏரியைச் சுற்றி வடிகாலும், சுத்திகரிப்பு நிலையமும் வேண்டும் என்பது தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்ற விவகாரம்.

பனிக்காலத்திற்கு முன் இச்செடியை அகற்றும் பணி நடைபெறுகிறது. அனைத்தையும் அகற்றுதல் கூடாது. பறவைகள் அமர்வதற்கென ஆங்காங்கே சில திட்டுகளை விட்டுவைக்க வேண்டும். அகற்றியதைக் கரையிலேயே குவித்துவைத்தாலோ, அது அழுகி, உண்ட சத்தை அடுத்த மழையில் ஏரிக்கே திருப்பிக் கொடுத்துவிடும். அதனை அப்பால் கொண்டுசென்று மட்கவைத்து வயலுக்கு எருவாக்கினால்தான் கணக்கு நேராகும்.

இது இயலாத காரியமன்று. கொல்கத்தாவின் கிழக்கே, 2002இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற 12,500 ஹெக்டேர் ஈரநிலம் சான்றாக நிற்கிறது. அங்கே நகரின் கழிவுநீர் ஆழமற்ற குளங்களில் வெயிலில் தேங்கி நிற்கிறது. அதன் சத்தில் பாசி வளர்கிறது. பாசியை மீன் உண்கிறது. மீன் நகரின் சந்தைக்கு வருகிறது. எஞ்சிய நீர் நெல் வயலுக்குப் பாய்கிறது. அங்கு செல்வமாகும் பொருளே இங்கு நஞ்சாகிறது. வேறுபாடு வெளியேறும் வழி உண்டா இல்லையா என்பதில்தான்.

நம் வீட்டுச் சாக்கடை எங்கே சென்று சேர்கிறது என்று விசாரித்தறிவது நமக்கும் கடமையாகும். பிழைக்க வந்த ஊரின் நீரும் நாம் பருகும் நீரே அன்றோ? அதன் வரவு செலவில் நம் வீட்டுக் கணக்கும் அடங்கியுள்ளது.