சர்ப்பகந்தா வேரும் அமுக்கராப் பொடியும்

கை நிறைய அமுக்கராக் கிழங்கை அள்ளி முகர்ந்தால் குதிரை வியர்வை வாடை அடிக்கும். பாலில் அவித்துக் காயவைத்து, இடித்துச் சலித்தால் வாடை தணியும். ராத்திரி பாலில் ஒரு சிட்டிகை போட்டுக் குடித்தால் தூக்கம் வரும், மனசு அடங்கும் என்பது பழைய நம்பிக்கை. இதே கிழங்கு இன்று ‘அஸ்வகந்தா’ என்று மாத்திரை உருவில், பளபளக்கும் டப்பாவில், பல மடங்கு விலைக்கு விற்கிறது. திண்டிவனம்–புதுச்சேரி சாலையில் இருக்கும் கிளியனூர்க்காரருக்கும் செல்பேசியில் அதே விளம்பரம்தான் வருகிறது: மன அழுத்தம் போயே போச்சு!

போகுமா?

முதலில் அழுத்தம் உடம்புக்குள் என்ன செய்கிறது என்று பார்ப்போம். பயமோ கவலையோ வந்தால் மூளையின் ஹைபோதலாமஸ் பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டுகிறது. அது சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிக்கு ஆள் அனுப்புகிறது. கார்ட்டிசால் ஏறுகிறது, ரத்தத்தில் சர்க்கரை கூடுகிறது. ஆபத்து தீர்ந்ததும் இறங்கிவிட வேண்டிய ஏற்பாடு இது. கடன்காரன் நாள் தவறாமல் வாசலில் நின்றால் இறங்க வழியில்லை. தூக்கம் கெடும், ரத்த அழுத்தம் ஏறும்.

மூலிகை மனசைத் தொடாது என்று ஒரே போடாகப் போடுகிறவர்களுக்குச் சர்ப்பகந்தாவின் கதையைச் சொல்ல வேண்டும். 1931இல் கல்கத்தாவின் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் இருவரும் இந்த வேர் மனநோய்க்கும் ரத்தக் கொதிப்புக்கும் உதவுகிறது என்று எழுதினார்கள். உலகம் கண்டுகொள்ளவில்லை. 1949இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் எழுதிய பிறகுதான் மேற்கு திரும்பிப் பார்த்தது. 1952இல் சுவிட்சர்லாந்தின் சிபா நிறுவனம் வேரிலிருந்து ரெசர்பின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தது. 1954இல் நியூயார்க்கின் நேதன் கிளைன் அதை மனநல மருத்துவமனை நோயாளிகளுக்குக் கொடுத்து, ஆவேசம் அடங்கியதைப் பதிவு செய்தார். நவீன மனநல மருந்துகளின் முதல் வரிசையில் நம் நாட்டு வேர் ஒன்று நின்றது. கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம், தப்பில்லை.

கதை அங்கே முடியவில்லை. நரம்பு முனைகளில் செரடோனின், நார்அட்ரினலின் போன்றவை சிறுசிறு பைகளில் சேமிக்கப்பட்டிருக்கும். ரெசர்பின் அவற்றை நிரப்பவிடாமல் தடுக்கிறது, இருப்பு காலியாகிறது. ஆவேசம் அடங்கியது இதனால்தான். ஆனால் இதைச் சாப்பிட்டவர்களில் சிலர் கடும் மனச்சோர்வில் விழுந்தார்கள் என்ற செய்திகளும் வந்தன. மனச்சோர்வுக்கும் இந்த ரசாயனங்களுக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற கருத்து வலுப்பெற அதுவே ஒரு காரணமாயிற்று. வேலை செய்கிற வேர் என்றால் விபரீதமும் செய்யும். ‘மூலிகைதானே, ஒன்றும் ஆகாது’ என்ற பேச்சு எனக்கு எரிச்சலூட்டுவது இதனால்தான்.

அமுக்கராவுக்கு வருவோம். 2012இல் வெளியான ஹைதராபாத் ஆய்வைத்தான் விளம்பரங்கள் மேற்கோள் காட்டும். 64 பேர், 60 நாள். ஒரு பாதிக்கு நாளொன்றுக்கு 600 மில்லிகிராம் வேர்ச்சாறு, மறுபாதிக்கு வெற்று மாத்திரை. சாறு எடுத்தவர்களுக்குக் கார்ட்டிசால் 27.9 சதவீதம் குறைந்தது. வெற்று மாத்திரைக்காரர்களுக்கு 7.9 சதவீதம். நல்ல முடிவுதான். ஆனால் ஆள் குறைவு, காலமும் குறைவு. அங்கே கொடுத்தது செறிவூட்டிய சாறு. கடைப் பொடிக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. தைராய்டு மருந்து, தூக்க மாத்திரை எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. இதைச் சாப்பிட்டுக் கல்லீரல் பாதித்தவர்களும் அங்கங்கே உண்டு. டென்மார்க் 2023இல் இதைத் தடையே செய்துவிட்டது.

ஆயுர்வேதம் பொடியோடு முடிகிற சமாசாரமும் அல்ல. கேரளத்தின் கோட்டக்கல்லில் மனநோய்க்கென்றே அரசு ஆயுர்வேத ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. சரக சம்ஹிதை சிகிச்சையை மூன்றாகப் பிரிக்கும்: மந்திரம், விரதம் போன்றவை ஒன்று, மருந்தும் உணவும் இன்னொன்று, கெடுதலான விஷயங்களிலிருந்து மனதை விலக்கிப் பிடிக்கும் சத்வாவஜயம் மூன்றாவது. இன்றைய மனநல ஆலோசனைக்குப் பக்கத்தில் வருவது இந்த மூன்றாவதுதான். அதை டப்பாவில் அடைத்து விற்க முடியாது என்பதால் விளம்பரமும் இல்லை. உடம்பைத் தாங்கும் மூன்று தூண்கள் என்று உணவு, உறக்கம், பிரம்மசரியம் மூன்றையும் அதே நூல் சொல்கிறது.

கிளியனூருக்குக் கிழக்கே கழுவேலி ஏரியைத் தாண்டினால் மரக்காணம் உப்பளங்கள். அங்கே இந்தத் தூண்களை எப்படி நிறுத்துவது? வெயிலுக்கு முந்த வேண்டும் என்று விடியுமுன்னே பாத்தியில் இறங்குகிறவர்களுக்கு உறக்கம் பாதியில் முறிகிறது. வெள்ளை உப்பில் பட்டுத் தெறிக்கும் வெயில் கண்ணை அறுக்கும். ஒதுங்க இடமில்லாத அளத்தில் பெண்கள் தண்ணீரைக் குறைத்துக் குடிக்கிறார்கள். நீர் வற்றிய உடம்பில் அசதியும் சிடுசிடுப்பும் ஏறும். ஐப்பசி மழை இறங்கினால் அளம் மூடிவிடும், கூலி நின்றுவிடும். வேலையில்லாக் காலத்துக்கென்று தமிழக அரசு 2022இல் 5,000 ரூபாய் நிவாரணம் தரத் தொடங்கியது. கவலையைக் குறைப்பதில் நிழற்கூரை, கழிப்பறை, இந்தப் பணம் மூன்றையும் நான் அமுக்கராவுக்கு முன்னால்தான் வைப்பேன்.

பொடி சாப்பிட்டே தீருவேன் என்பவர் பதிவுபெற்ற சித்த அல்லது ஆயுர்வேத மருத்துவரிடம் அளவு கேட்டுக்கொள்ளட்டும். வேறு மாத்திரை ஏதும் எடுத்தால் மறைக்காமல் சொல்லட்டும். இரண்டு வாரமாகத் தூக்கமில்லை, வாழ்க்கையே வேண்டாம் என்று தோன்றுகிறது என்றால் பொடிக்காகக் காத்திருக்கக் கூடாது. டெலி-மானஸ் எண் 14416. இருபத்து நாலு மணி நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது.