அரை எட்டும் ஏழரையும்

பயிற்சிக்காக வெளிநாடு சென்று மீள்வோர் கையிலே ஒரு சான்றிதழ் இருக்கும். எந்தத் தொழிற்சாலையில், எந்தப் பிரிவில், எத்தனை மாதம் பழகினார் என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கும். 2023ஆம் ஆண்டு மார்ச் முதல் ஆகஸ்ட் வரை, ஜேர்மனியின் தென்மேற்கிலுள்ள ஸ்ருட்கார்ட் நகரில், இயந்திர உறுப்புக்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையின் வரைபடப் பிரிவில் நாம் பயின்றதற்கும் அத்தகைய பத்திரம் ஒன்று உண்டு. ஆயினும் நாம் அங்கே கற்றவற்றுள் பாதிதான் அதில் இருக்கிறது. மற்றப் பாதி மாடிப்படியிலும் பஸ் தரிப்பிலும் குசினியிலும் கற்றது. அதற்குச் சான்றிதழ் தருவார் எவருமில்லை. ஆகவே நாமே எழுதத் துணிந்தோம்.

நாம் போய் இறங்கியது ஒரு சனிக்கிழமை இரவு. பிரயாணக் களைப்பில் அயர்ந்து உறங்கி, மறுநாள் உச்சிப்பொழுதிற் கண்விழித்து, பாணும் பாலும் வாங்கி வருவோமென்று புறப்பட்டோம். ஸ்ருட்கார்ட் ஒரு கிண்ணம் போன்ற நகரம். நடுவே பள்ளம், சுற்றிலும் குன்றுகள். முன்னாளில் குன்றுச் சரிவிலிருந்த திராட்சைத் தோட்டங்களுக்கு ஏறிச் செல்ல அமைத்த கற்படி வரிசைகள் இன்றும் அங்கே 400க்கு மேல் உள்ளன. அவற்றுள் ஒன்றின் உச்சியிலே நமது அறை. படிகளையெல்லாம் இறங்கிக் கடைவீதியை அடைந்தால், ஒரு கடையேனும் திறந்திருக்கவில்லை. நம்மூரில் இப்படியொரு காட்சியைக் கண்டால் ஹர்த்தால் என்று எண்ணி வீடு திரும்புவோம். அங்கேயோ அது வெறும் ஞாயிற்றுக்கிழமை!

ஞாயிறு ஓய்வுநாள் என்பது அந்நாட்டில் வழக்கம் மாத்திரமன்று, சட்டம். 1919ஆம் ஆண்டின் வைமார் அரசியலமைப்பில் இருந்த ஓய்வுநாள் ஏற்பாடு, 1949ஆம் ஆண்டின் அடிப்படைச் சட்டத்திலும் சேர்த்துக்கொள்ளப்பட்டது. பாண் கடைகள் சில காலையிற் சில மணி நேரம் திறந்திருக்குமாம். நாம் எழுந்ததோ நண்பகலில். ஈற்றில் ஒரு பெற்றோல் நிலையத்திலே, இரட்டிப்பு விலை போலத் தோன்றிய ஒரு விலைக்கு, உலர்ந்த பாண் ஒன்று கிடைத்தது. அதைத் தின்றவாறே கற்படி ஏறியபோதுதான், சனிக்கிழமை மாலையில் அந்நாட்டார் ஏன் பஞ்சம் வரப்போவது போலப் பைநிறையச் சாமான் வாங்குகின்றனர் என்பது விளங்கிற்று.

மறுநாள் திங்கள். முதல்நாள் வேலை. எப்பொழுது வரவேண்டுமென்று முன்னரே தொலைபேசியிற் கேட்டிருந்தோம். மேற்பார்வையாளர் சொன்ன மறுமொழியைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் 'அரை எட்டு' என்று வரும். அரையும் எட்டும் சேர்ந்தால் எட்டரைதானே? தமிழ்ப் பிள்ளைக்கு இதிலென்ன ஐயம்? எட்டு மணி இருபது நிமிடத்துக்கே வாயிலில் நின்றோம். பத்து நிமிடம் முந்திவிட்டோமென்ற பெருமை வேறு. மேற்பார்வையாளர் கைமணிக்கூட்டைப் பார்த்தார், நம்மைப் பார்த்தார், கோபிக்கவில்லை. கோபித்திருந்தாலாவது மனம் ஆறியிருக்கும். நமக்காகக் காவலாளியின் அறையிலே ஐம்பது நிமிடம் காத்திருந்தாராம்.

'அரை எட்டு' என்பது ஏழரை மணி. அன்று நண்பகலில் அவர் ஒரு கடதாசியில் வட்டம் வரைந்து அதனை விளக்கினார். ஏழு அடித்தவுடனே எட்டாவது மணி தொடங்கிவிடுகிறது. அந்த எட்டாவது மணியிற் பாதி கழிந்தால் அரை எட்டு. அந்தப் பகுதியில் ஏழேகாலைக் 'கால் எட்டு' என்றும், ஏழே முக்காலை 'முக்கால் எட்டு' என்றும் சொல்பவர்களும் பலர். முதலில் இது தலைகீழ்க் கணக்காகவே பட்டது. பின்னர் ஆலோசித்தால், நம் வீட்டுப் பெரியவர்களும் வயதை இவ்வாறுதானே சொல்கின்றனர்? 'இருபது முடிந்து இருபத்தொன்று நடக்கிறது' என்பார்கள். நாம் முடிந்த மணியைச் சொல்கிறோம். அவர்கள் நடக்கின்ற மணியைச் சொல்கின்றனர். அவ்வளவே. ஆனால் இந்த ஞானம் வாய்ப்பதற்குள், 'நேரம் தவறுபவர்' என்ற பெயர் நமக்கு விழுந்துவிட்டது. அதைக் கழுவ ஒரு மாதகாலம் காவலாளிக்கும் முன்னதாகவே வாயிலில் நின்றோம் என்றால் மிகையாகாது.

எண்களிலும் ஓர் இடர் உண்டு. ஐம்பத்து மூன்றை அவர்கள் 'மூன்றும் ஐம்பதும்' என்பர். கேட்ட வரிசையிலேயே எழுதி, 53ஆம் அறைக்குப் பதிலாக 35ஆம் அறைக் கதவைத் தட்டினோம். இவற்றுக்கு ஈடு செய்வது போல, அம்மொழியின் கூட்டுச் சொற்கள் நம்மைச் சிரிக்கவும் வைத்தன. கையுறைக்கு அவர்கள் இட்ட பெயர் 'கைச்சப்பாத்து'. தையற்காரர் விரலில் அணியும் கவசம் 'விரல்தொப்பி'. ஆமையோ 'கேடயத் தேரை'! இச்சொற்களைக் கேட்டபின் அவர்களது மொழி கடினமென்று சொல்ல மனம் வரவில்லை.

இனி வீட்டுக்கு வருவோம். நாம் குடியிருந்தது ஆறு குடும்பங்கள் வாழும் ஒரு பழைய மாடிவீடு. மூன்றாம் வாரம் நமது கதவுப் பிடியிலே ஒரு சிறு மரப்பலகை தொங்கிற்று. அதில் ஏதோ எழுதியிருந்தது. யாரோ தவறி மாட்டிவிட்டனர் என்றெண்ணி, நல்ல பிள்ளையாக அதனை எதிர்வீட்டுக் கதவில் மாட்டிவிட்டு வேலைக்குப் போனோம். மாலையில் அது மறுபடியும் நமது கதவில் இருந்தது. மறுபடியும் மாற்றினோம். வெள்ளிக்கிழமை கதவு தட்டப்பட்டது. கீழ்வீட்டு மூதாட்டியார் நின்றுகொண்டிருந்தார். எழுபதைக் கடந்தவர், நிமிர்ந்த உடல், ஒரு கையிலே பலகை, மறு கையிலே தும்புத்தடி.

அந்தப் பலகை, 'இவ்வாரம் மாடிப்படி பெருக்கித் துடைக்கும் முறை உம்முடையது' என்பதற்கு அடையாளம். அந்தப் பகுதி மக்களுக்கு இது ஏறக்குறைய ஒரு விரதம். 1492ஆம் ஆண்டிலே, தாடிக்காரர் என்று பெயர்பெற்ற எபர்ஹார்ட் கோமகனின் காலத்தில், நகரத்தார் ஒவ்வொருவரும் தத்தம் குப்பையை வாரந்தோறும் அகற்றவேண்டுமென்று ஸ்ருட்கார்ட் நகரச் சட்டத்தில் எழுதப்பட்டது. கொலம்பஸ் கடல்கடந்த அதே ஆண்டு! அந்த வழக்கத்தின் வழித்தோன்றலே நமது கதவிலே தொங்கிய பலகை.

"படியில் அழுக்கே இல்லையே?" என்றோம், நமக்குத் தெரிந்த மொழியில்.

"அழுக்கு இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. வாரம் யாருடையது என்றுதான் கேட்கிறேன்" என்றார் அம்மையார்.

இவ்விடத்தில் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ளவேண்டும். இருபத்திரண்டு வயதுவரை நாம் தும்புத்தடியைத் தொட்டறியோம். வீட்டிலே அம்மாவும் அக்காவும் முற்றம் கூட்டுவர். நாம் படிக்கிற பிள்ளை! அன்று மாலை மேல்மாடியிலிருந்து கீழ்மாடிவரை அம்மையார் உடன்நின்று கற்பித்தார். மேலிருந்து கீழாக, சுவரோரத்திலிருந்து நடுவாக, மூலைகளைத் தனியாக. ஒரு மூலையை மறந்தபோது விரலால் தொட்டு அந்தத் தூசியை நம் கண்முன்னே காட்டினார். நாம் வெட்கப்பட்டது அவருக்காக அன்று. இத்தனை காலம் நாம் நடந்துபோன முற்றங்களையெல்லாம் யார் கூட்டினார் என்று ஒருநாளும் எண்ணாததற்காக.

யன்னல் பாடமும் அவரிடமே கற்றோம். அங்குள்ள யன்னலின் கைபிடியைப் பக்கவாட்டிலே திருப்பினால் கதவுபோலத் திறக்கும். மேல்நோக்கித் திருப்பினால் தலைப்பக்கம் மட்டும் உள்ளே சாயும். முதன்முதல் அது சாய்ந்தபோது பிடுங்கிக்கொண்டு வருகிறதென்று அஞ்சி இரு கைகளாலும் தாங்கி நின்றோம்! அதன்பின் குளிருக்குப் பயந்து யன்னலைத் திறப்பதையே விட்டுவிட்டோம். உள்ளே தினமும் சோறும் பருப்பும் கொதித்தன. சில வாரத்தில் அறையின் மூலையிலே கரும்புள்ளிகள் தோன்றின. பூஞ்சணம்! சமையல் ஆவியும் மூச்சின் ஈரமும் வெளியேற வழியின்றிக் குளிர்ந்த சுவரிலே நீராகப் படிவதால் வருவது இது. எத்தனை குளிரானாலும் நாளுக்குச் சில தடவை யன்னலை அகலத் திறந்து, சில நிமிடத்தில் மூடிவிடவேண்டும். அம்மையார் வினாகிரியும் துணியும் கொண்டுவந்தார். வீட்டு உடைமைக்காரருக்குச் சொல்வாரோ என்று நடுங்கினோம், அவர் சொல்லவில்லை.

இதுவரை எழுதியவை சிரித்துக்கொண்டே சொல்லக்கூடியவை. இனி எழுதப்போவது அப்படியன்று.

ஜேர்மனியில் 2003ஆம் ஆண்டு முதல், ஒருமுறை பாவித்து எறியும் பிளாஸ்ரிக் போத்தல்களுக்கும் தகரக் குவளைகளுக்கும் முன்பணம் வாங்குகின்றனர். இன்று அது 25 சதம். மறுபடி நிரப்பும் பியர்ப் போத்தல்களுக்கு 8 சதம். வெறும் போத்தலைக் கடையிலுள்ள இயந்திரத்தின் வாயிலே கொடுத்தால் அது சுழற்றிப் பார்த்து விழுங்கிவிட்டு, ஒரு துண்டை நீட்டும். துண்டைக் காட்டினால் காசு. இதனை அறியாத நாள்களில் நாம் போத்தல்களைக் குப்பைத் தொட்டியிலே போட்டோம். ஒருநாள் உடன் வேலை செய்யும் இளைஞர் ஒருவர், புகையிரத நிலையத்திலே தமது வெறும் போத்தலைத் தொட்டிக்குள் இடாமல் அதன் பக்கத்திலே நிறுத்தி வைத்தார். காரணம் கேட்டோம். அதைச் சேர்ப்பவர்கள் தொட்டிக்குள் கைவிட்டுத் துழாவ வேண்டியிராதே என்றார். அதன்பிறகே நமது கண்ணுக்கு அவர்கள் தென்பட்டனர். அந்தியிலே சிறு மின்சூள் ஏந்தித் தொட்டிதோறும் எட்டிப் பார்க்கும் முதியவர்கள். செல்வம் கொழிக்கும் நகரத்திலே, மோட்டார் வண்டிகளுக்குப் பேர்போன ஊரிலே, துப்புரவான மேலங்கி அணிந்து போத்தல் பொறுக்கும் மனிதர்!

அந்நாட்டில் 2015ஆம் ஆண்டிலிருந்து குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் உண்டு. ஆனால் பல்கலைக்கழகப் படிப்பின் கட்டாயப் பகுதியாக அமையும் பயிற்சிக்கு அது பொருந்தாது. நமக்குக் கிடைத்த உதவிப்பணத்தில் அறைவாடகை போக மிஞ்சுவது சொற்பம். அந்த மே மாதத்திலே நாடெங்கும் பஸ்ஸிலும் உள்ளூர்ப் புகையிரதங்களிலும் செல்ல 49 யூரோவுக்கு ஒரு மாதச் சீட்டு வந்தது நமக்குப் பேருதவி. எனினும் மாதக் கடைசி மாதக் கடைசிதான். ஜூன் முடிவில் ஒரு மாலை, சட்டைப்பையிலே சில்லறை மட்டும் கிடக்க, நிலையத்துத் தொட்டியின் அருகே நான்கு பிளாஸ்ரிக் போத்தல்கள் நிற்கக் கண்டோம். நான்கு இருபத்தைந்து சதம் ஒரு யூரோ. ஒரு பாண் வாங்கலாம். சுற்றிலும் பார்த்துவிட்டு இரண்டை எடுத்துப் பையில் வைத்தோம். மூன்றாவதிலே கைவைத்தபோது, பத்தடி தூரத்தில் ஒரு முதியவர் நீலநிறப் பையுடன் நிற்பதைக் கண்டோம்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. நம்மையும் தம்மைப் போன்ற ஒருவராக எண்ணினார் போலும். மெல்லத் தலையசைத்து மாலை வணக்கம் கூறிவிட்டு, அடுத்த தொட்டியை நோக்கி நடந்தார். அந்த வணக்கம் நம்மைச் சுட்டது. நாம் ஆகஸ்டிலே ஊர் திரும்புவோம். அவர் எங்கே திரும்புவார்? எடுத்தவற்றை மீண்டும் அவ்விடத்திலேயே நிறுத்தினோம். அவர் திரும்பி வந்து எடுத்தாரா என்று பார்த்துக்கொண்டு நிற்கத் துணிவில்லாமல், வந்த வண்டியில் ஏறிவிட்டோம். அன்று இரவு பாண் இல்லை, பருப்பு இருந்தது.

இதை வீட்டாருக்குச் சொல்லவில்லை. கீழ்வீட்டு அம்மையாருக்குச் சொன்னோம், ஏன் சொன்னோமென்று தெரியாமலே. அவர் சற்றுநேரம் பேசாதிருந்தார். பிறகு ஒரு கிண்ணத்திலே உருளைக்கிழங்கும் அவரையும் இட்டுக் காய்ச்சிய கஞ்சி கொண்டுவந்து வைத்தார். அன்று தொட்டு வியாழன்தோறும் அந்தக் கிண்ணம் மேலே வரும். நாம் கழுவிக் கீழே கொண்டுபோவோம்.

ஜேர்மன் மொழியிலும் 'நீ', 'நீங்கள்' என்ற வேறுபாடு உண்டு. நமது ஆங்கிலத் தோழர்கள் இதனால் இடர்ப்பட்டபோது நாம் உள்ளூரச் சிரித்தோம். நமக்கு இது தாய்ப்பாலோடு வந்ததல்லவா? ஆயினும் ஒரு வேறுபாட்டை நாம் கவனிக்கவில்லை. நம்மிடத்தில் பெரியவர் சிறியவரை 'நீ' என்பார்; சிறியவர் பெரியவரை 'நீங்கள்' என்பார். அங்கோ வளர்ந்த இருவரிடையே அது பெரும்பாலும் இருபக்கமும் ஒன்றே. 'நீ'க்கு மாறும் உரிமையை மூத்தவரே முதலில் வழங்கவேண்டும். வழங்கிவிட்டால் இளையவரும் அப்படியே அழைக்கவேண்டும். மறுப்பது நட்பை மறுப்பது போல.

ஆகஸ்ட் நடுவிலே, பிளம் பழம் பதித்துச் சுட்ட கேக்குடன் அம்மையார் நம்மை அழைத்திருந்தார். தேநீரை ஊற்றிவிட்டு எழுந்து நின்று கைநீட்டினார். தமது முதற்பெயரைச் சொன்னார். "இனி நமக்குள் 'நீ'" என்றார்.

கைகொடுத்தோம், நாவெழவில்லை. நமது அம்மம்மாவின் வயதுடையவர்! அன்றிரவு தொலைபேசியில் அம்மாவிடம் சொன்னபோது, "வயதுபோன மனுசியை நீ என்று கூப்பிட்டனியோ?" என்று அவர் பதறிவிட்டார். இல்லையென்று ஆறுதல் கூறினோம். எஞ்சிய இரண்டு வாரமும் முன்னிலைச் சொல்லே இல்லாத வாக்கியங்களாகக் கட்டிப் பேசினோம். 'தேநீர் இன்னும் உண்டா?' 'கிண்ணம் எங்கே வைப்பது?' அம்மையார் இதைக் கண்டுகொண்டாரென்றே நினைக்கிறோம். புறப்படும் நாளில் கற்படிவரை வந்து, "நீ போய்ச் சேர்ந்ததும் எழுது" என்றார்.

ஊர் வந்து கடிதம் எழுத அமர்ந்தோம். நலம் விசாரிக்கும் முதல் வரியிலேயே அந்தச் சொல் வந்து குறுக்கே நின்றது. கடிதத்தில் 'நீங்கள்' என்றால் அந்த அம்மையாரின் மனம் புண்படும். 'நீ' என்றால் நம் மனம் ஒப்பாது. அரைமணி நேரம் பேனாவைக் கையில் வைத்திருந்தோம். அப்பொழுது வகுப்பிலே படித்த ஓர் இலக்கணம் நினைவுக்கு வந்தது. கடிதத்திலே 'நீ' என்னும் சொல்லின் முதலெழுத்தைப் பெரிய எழுத்தாக எழுத அம்மொழியில் இடமுண்டு. பெறுபவர்க்குக் காட்டும் மரியாதை அது. தமிழிலே இல்லாத வசதி! பெரிய எழுத்திட்டு 'நீ' என்று எழுதினோம். வழக்கமான அளவிலும் சற்றுப் பெரிதாகவே எழுதினோம்.