மார்கழி ஆவியும் கார் கண்ணாடியும்

கார் கண்ணாடியில் ஆவி படிய ஈரம் மிகுந்த காற்றும் அதைவிடக் குளிர்ந்த கண்ணாடியும் இருந்தால் போதும். காவிரிப் படுகையில் ஐப்பசி முதல் தை வரை இரண்டுக்கும் குறைவில்லை. தஞ்சாவூர் மாவட்டத்தின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில்தான் பெய்கிறது. அதே மாதங்களில் பூதலூர் வட்டாரத்து வயல்களில் சம்பா தண்ணீரில் நிற்கும். கல்லணைக் கால்வாயிலும் கிளை வாய்க்கால்களிலும் நீர் ஓடும். விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டுவது சாதாரணம். அந்நேரத்தில் திருக்காட்டுப்பள்ளிப் பக்கமோ செங்கிப்பட்டிப் பக்கமோ கிளம்பும் காரில் நான்கு பேர் ஏறிக் கதவைச் சாத்தினால், சில நிமிடங்களில் முன்கண்ணாடி வெளுத்துவிடும். எதிரே வரும் டிராக்டர் தெரியாது. வரப்போரச் சாலையின் விளிம்பும் தெரியாது.

காற்று தாங்கும் நீராவிக்கு ஓர் அளவு உண்டு. வெப்பம் கூடக் கூட அந்த அளவும் கூடும். ஒரு கன மீட்டர் காற்று 30 டிகிரி செல்சியஸில் சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். 20 டிகிரியில் 17 கிராம்தான். ஈரக்காற்று குளிர்ந்த கண்ணாடியைத் தொட்டால், தாங்க முடியாத மிச்சம் நுண்துளிகளாகக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்கிறது. குளிர்ந்த மோர் வைத்த சொம்பின் வெளிப்புறம் வியர்ப்பதும் இதனால்தான். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் மூச்சாலும் வியர்வையாலும் மணிக்குச் சுமார் 40 முதல் 50 கிராம் நீரை வெளிவிடுகிறார். சிறிய காரின் உள்ளே இருக்கும் காற்று ஏறத்தாழ 3 கன மீட்டர். 25 டிகிரியில் அது தாங்குவது 70 கிராம் நீராவியைத்தான். எங்கும் ஓட்டை இல்லாத காரில் நான்கு பேர் அரைமணி நேரம் மூச்சு விட்டாலே அந்தக் கொள்ளளவு நிரம்பிவிடும். துணியால் துடைத்தால் கண்ணாடியில் உள்ள நீர் போகும். காற்றில் உள்ள நீர் அப்படியே இருக்கும். அதனால்தான் துடைத்த இடம் மறுபடியும் வெளுக்கிறது. வெறுங்கையால் துடைத்தால் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து, எதிர்வண்டியின் வெளிச்சத்தில் கண்கூச வைக்கும்.

ஆவி கண்ணாடியின் எந்தப் பக்கம் படிந்திருக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். வைப்பரை ஒரு முறை ஓட்டினால் தெரிந்துவிடும். மங்கல் போனால் அது வெளிப்பக்கம், போகாவிட்டால் உட்பக்கம். மழைநாளிலும் மார்கழி விடியலிலும் படிவது பெரும்பாலும் உள்ளே. மழை விட்ட புழுக்கமான இரவில் ஏசியைக் கடுங்குளிரில் வைத்து ஓட்டும்போது நடப்பது இதற்கு நேர்மாறு: உள்ளிருந்து குளிர்ந்த கண்ணாடியில் வெளிக்காற்றின் ஈரம் படியும். இந்த இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. வெளியே படிந்திருந்தால் வைப்பரைப் போட்டு, கண்ணாடியின் மேல் வீசும் குளிர்காற்றை முகத்துப் பக்கம் திருப்பி, குளிரைக் கொஞ்சம் குறைத்தால் போதும்.

உள்ளே படிந்த ஆவியை நீக்கக் கண்ணாடியின் மேல் உலர்ந்த காற்று வீச வேண்டும். காருக்குள் காற்றை உலர்த்தும் கருவி ஏசிதான். இது பலருக்கும் தெரியாத செய்தி. ஏசி குளிர்விப்பதற்கு மட்டும் என்று எண்ணி, மழை வந்ததும் அதை அணைத்துவிடுகிறார்கள். டேஷ்போர்டுக்கு உள்ளே இருக்கும் கூலிங் காயிலின் மேல் காற்று பட்டதும் அதிலுள்ள நீர் காயிலில் படிந்து, குழாய் வழியே காருக்கு அடியில் சொட்டுகிறது. நிறுத்திய காருக்கு அடியில் தெரியும் தண்ணீர் அதுதான். ஏசியை அணைத்துப் புளோயரை மட்டும் ஓடவிட்டால், காயிலில் ஊறியிருக்கும் நீர் மறுபடியும் ஆவியாகிக் காருக்குள்ளேயே வரும். டீசல் மிச்சமாகட்டும் என்று மழைக்கு நடுவே ஏசியை அணைத்தவுடன் கண்ணாடி திடீரென்று மறைவதற்குக் காரணம் இதுவே. வேகமாகப் போகும் நேரத்தில் இது நடந்தால் ஆபத்து பெரிது.

ஆகவே ஏசியைப் போட வேண்டும். காற்றின் திசைத் திருகியை முன்கண்ணாடிப் படத்துக்குத் திருப்ப வேண்டும். புளோயரைக் கூட்ட வேண்டும். வெப்பத் திருகியை நீலத்திலிருந்து சிவப்புப் பக்கம் கொஞ்சம் நகர்த்த வேண்டும். ஏசியில் உலர்ந்த காற்று பிறகு ஹீட்டர் காயிலைத் தொட்டுச் சூடாகும்போது, ஈரத்தை வாங்கும் வலு அதற்குக் கூடுகிறது. கண்ணாடியும் வெதுவெதுப்பாகி மறுபடி வெளுக்காது. சிவப்புப் பக்கம் திருப்பாமல் கடுங்குளிர் காற்றையே கண்ணாடியில் அடித்தால், உட்புறம் தெளிந்த சில நிமிடங்களில் வெளிப்புறம் மங்கத் தொடங்கும். தமிழ்நாட்டுச் சமவெளியில் ஓடும் கார்களில் அந்தச் சிவப்புப் பக்கத்தை ஆண்டுக்கணக்கில் யாரும் தொடுவதில்லை.

இவை எல்லாவற்றையும் செய்தும் பலன் கிடைக்காமல் தடுக்கும் ஒரு பொத்தான் உண்டு. காருக்குள் வளைந்து திரும்பும் அம்புக்குறி போட்ட பொத்தான் அது. அதை அழுத்தினால் வெளிக்காற்று அடைபட்டு, உள்ளே இருக்கும் காற்றே சுற்றிச் சுற்றி வரும். கோடையில் குளிர் சீக்கிரம் ஏறவும் சாலைப் புழுதி வராமலிருக்கவும் டெல்டாவில் பெரும்பாலோர் அதைப் போட்டபடியே விட்டுவிடுகிறார்கள். மழைக்காலத்தில் நான்கு பேரின் மூச்சும் உள்ளேயே தங்க அது வழி செய்கிறது. மழை தொடங்கியதும் வெளிக்காற்றுக்கு மாற்றிவிட வேண்டும். வெளிக்காற்றும் ஈரமாகத்தானே இருக்கிறது என்ற ஐயம் நியாயமானது. ஆனாலும் அது கூலிங் காயிலைக் கடந்துதான் உள்ளே வருகிறது, மூச்சுக்காற்றை வெளியேயும் தள்ளுகிறது. பல புதிய கார்களில் முன்கண்ணாடிப் பொத்தானை அழுத்தினாலே ஏசியும் வெளிக்காற்றும் தாமாக வந்துவிடும். பழைய அம்பாசடரின் முன்கதவில் இருந்த முக்கோணக் கண்ணாடி இந்த வேலையைச் செலவில்லாமல் செய்தது: அதைச் சற்றுத் திறந்தால் மழை அதிகம் அடிக்காமல் காற்று மாறும். ஏசி இல்லாத காரில் இன்றும் வழி அதுதான். எதிரெதிர் ஜன்னல்களை இரண்டு விரல் அளவு இறக்கிவிட வேண்டும்.

காருக்குள் ஈரம் தங்கும் இடங்களையும் கவனிக்க வேண்டும். நனைந்த குடை, சேற்றுக் கால் பட்ட மிதியடி, டிக்கியில் ஏற்றிய ஈர நெல்மூட்டை, மிதியடியில் விரித்த செய்தித்தாள் ஆகியவை இரவெல்லாம் ஈரத்தை விட்டுக்கொண்டே இருக்கும். காலையில் காரைத் திறக்கும்போதே கண்ணாடி வெளுத்திருந்தால் தரைவிரிப்பைக் கையால் அழுத்திப் பார்க்க வேண்டும். ஓட்டுநருக்கு இடப்பக்கம் உட்காருபவரின் காலடி மட்டும் ஊறியிருந்தால், ஏசித் தண்ணீர் இறங்கும் குழாய் அடைத்திருக்கலாம். முன்கண்ணாடிக்குக் கீழே, பானெட்டின் பின்விளிம்பில் உள்ள காற்றுத் துவாரத்தில் புளிய இலையும் வேப்பிலையும் மக்கி மழைநீரைத் தேக்குவதும் காரணமாகலாம். சாலையோரப் புளியமரத்தடி நிழலில் நிற்கும் கார்களுக்கு இது மாதாந்திரத் தொல்லை. கண்ணாடியின் உட்புறத்தைச் சோப்பு நீர் தொட்ட துணியால் துடைத்துச் சுத்தமாகக் காயவிடுவதும் உதவும். பிசுக்கு படிந்த கண்ணாடியில் ஆவி எளிதில் ஒட்டும். வைப்பர் பழுதானபோது லாரி ஓட்டுநர்கள் வெளிக்கண்ணாடியில் புகையிலையைத் தேய்ப்பது பழைய வழக்கம். துளிகளாக நிற்க வேண்டிய நீர் மெல்லிய படலமாகப் பரவிவிடுவதால் அது ஓரளவு பயன்படுகிறது. உட்புற ஆவிக்கு அது மருந்தாகாது.

காற்றே போதிய வேகத்தில் வராவிட்டால் எந்தப் பொத்தானும் பயன் தராது. பூதலூர் போன்ற ஊர்களில் இதற்கு முதற்காரணம் அறுவடை. தையிலும் மாசியிலும் கதிர் அறுக்கும் இயந்திரங்கள் கிளப்பும் தூசி, களத்திலும் சாலையிலும் காயும் நெல்லின் சுணை, பதர், வைக்கோல் துணுக்கு எல்லாம் பானெட் ஓரத் துவாரம் வழியே இழுக்கப்பட்டு ஏசி ஃபில்டரில் அடைகின்றன. பெரும்பாலான கார்களில் இது இடப்பக்க டேஷ்போர்டு டிராயருக்குப் பின்னால், கருவி இல்லாமலேயே கழற்றக்கூடிய இடத்தில் இருக்கிறது. 10,000 முதல் 15,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை, அல்லது ஆண்டுக்கு ஒரு முறை மாற்றச் சொல்வது பொது வழக்கம். நெல் வட்டாரத்தில் அது போதாது. சம்பா அறுவடை முடிந்ததும் ஒரு முறை, ஐப்பசி மழைக்கு முன் ஒரு முறை கழற்றிப் பார்ப்பதே சரி. காகித ஃபில்டரைத் தண்ணீரில் அலசக் கூடாது. கம்ப்ரஸர் காற்றை நெருக்கமாகப் பிடித்து ஊதினாலும் இழைகள் கிழியும். புதிதைப் போடும்போது அதன்மேல் அச்சிட்ட அம்புக்குறி காற்று போகும் திசையைப் பார்த்திருக்க வேண்டும். ஃபில்டரை எடுத்துவிட்டு ஓட்டினால் காற்று நன்றாக வருகிறது என்று அப்படியே விட்டுவிடுபவர்கள் உண்டு. அப்போது சுணையும் தூசியும் நேராகக் கூலிங் காயிலில் படிந்து ஈரத்தில் களிமண்ணாகும். அதைச் சுத்தம் செய்ய டேஷ்போர்டையே கழற்ற வேண்டியிருக்கும்.

ஃபில்டர் அடைத்திருந்தால் இன்னொரு விசித்திரமும் நேரும். கிளம்பும்போது நன்றாக வரும் காற்று அரைமணியில் சுருங்கி, வண்டியை நிறுத்திவைத்து எடுத்தால் மறுபடி சரியாகும். காற்றோட்டம் குறைந்த காயிலில் நீர் உறைந்து வழியை அடைப்பதும், பிறகு உருகுவதும்தான் இதன் காரணம். கேஸ் குறைந்திருந்தாலும் இப்படி நடக்கலாம். அந்நேரம் ஏசியை மட்டும் அணைத்துப் புளோயரை ஓடவிட்டால் பனிக்கட்டி கரையும். ஆனால் கண்ணாடி மங்கும் என்பதால் வண்டியை ஓரமாக நிறுத்திச் செய்வதே நல்லது.

ஃபில்டர் சுத்தமாக இருந்தும் காற்று வராவிட்டால் புளோயரைச் சோதிக்க வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்றில் ஓடாமல் கடைசி வேகத்தில் மட்டும் ஓடினால் ரெசிஸ்டர் எரிந்துவிட்டது என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். குறைந்த வேகங்களில் மின்சாரம் ரெசிஸ்டர் வழியே போகிறது. முழு வேகத்தில் அதைத் தவிர்த்து நேராக மோட்டாருக்குப் போகிறது. ரெசிஸ்டரைக் குளிர்விப்பதும் புளோயர் காற்றுதான் என்பதால், அடைத்த ஃபில்டரோடு ஓட்டினால் அது சீக்கிரம் எரியும். ரெசிஸ்டரை மட்டும் மாற்றி ஃபில்டரை மறந்தால் அதே பழுது திரும்பி வரும். எந்த வேகத்திலும் ஓடாவிட்டால் ஃபியூஸ், ரிலே, வயர் இணைப்பு, கடைசியாக மோட்டார் என்ற வரிசையில் பார்க்கலாம். ஃபியூஸ் போன இடத்தில் கம்பியைச் சுற்றிவைப்பது தீயை வரவழைக்கும். புளோயர் சத்தம் பலமாகக் கேட்டும் கண்ணாடிக்குக் காற்று வராமல் காலடியில் மட்டும் வந்தால், உள்ளே திசை மாற்றும் கதவின் கேபிளோ சிறு மோட்டாரோ பழுது.

அறுவடைக்குப் பின் வயல் எலிகள் இரை தேடி வீட்டுப் பக்கம் வருவது டெல்டாக்காரர்கள் அறிந்ததே. நிறுத்திவைத்த காரின் காற்றுத் துவாரம் வழியே நுழைந்து, புளோயர் கூட்டில் வைக்கோலும் காகிதமும் சேர்த்துக் கூடு கட்டிவிடுகின்றன. காற்று திடீரென்று குறைந்து, மூத்திர வாடையும் ‘கடகட’ ஓசையும் வந்தால் இதைச் சந்தேகிக்கலாம். கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் அதைச் சுத்தம் செய்யக் கூடாது. எலியின் சிறுநீர் வழியே எலிக்காய்ச்சல் பரவும். துவாரத்தில் துருப்பிடிக்காத கம்பிவலை பொருத்துவது நிலையான தீர்வு.

உள்ளே வரும் காற்று வெளியேறவும் வழி வேண்டும். அது பெரும்பாலும் டிக்கியின் பக்கவாட்டில், பின் பம்பருக்கு உள்ளே மறைந்திருக்கும் ரப்பர் மூடிகள் வழியே போகிறது. டிக்கியை மூட்டைகளால் அடைத்தால் அந்த வழி மூடும். வெளியேற முடியாத காற்று உள்ளே வருவதையும் தடுக்கும். ஒரு ஜன்னலைச் சற்று இறக்கியதும் காற்றின் வேகம் கூடினால் குறை அங்கேதான்.

ஹீட்டர் சூடாகாததற்குக் காரணம் எஞ்சின் பக்கம் இருக்கும். ஹீட்டர் காயிலில் ஓடுவது ரேடியேட்டரின் கூலன்ட்தான். கூலன்டுக்குப் பதில் போர் தண்ணீரை ஊற்றிவந்த கார்களில் உப்பு படிந்து ஹீட்டர் காயிலின் நுண்குழாய்கள் அடைபடும். எஞ்சின் சூடேறும் என்ற பயத்தில் தெர்மோஸ்டாட்டையே கழற்றிவிடும் பழக்கம் பல பட்டறைகளில் உண்டு. அப்படிப்பட்ட எஞ்சின் மழைநாளில் உரிய வெப்பத்தை எட்டாது, ஹீட்டரில் வெதுவெதுப்பும் வராது, எரிபொருள் செலவும் கூடும். காருக்குள் இனிப்பு வாடை வந்து, துடைத்தாலும் போகாத எண்ணெய்ப் படலம் கண்ணாடியில் ஒட்டினால் ஹீட்டர் காயில் ஒழுகுகிறது. கூலன்ட் அளவும் குறைந்துகொண்டே வரும். இதை எஞ்சின் ஆறிய பிறகே பார்க்க வேண்டும். சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் பீறிடும். இந்த ஊரில் ஹீட்டர் எதற்கு என்று ஒழுகும் காயிலுக்குப் போகும் இரண்டு குழாய்களையும் இணைத்து மூடிவிடுவது மலிவான வழி. ஒழுகல் நிற்கும். ஆனால் மழைக்காலத்தில் கண்ணாடிக்கு வேண்டிய உலர்ந்த வெப்பக் காற்று அதோடு போய்விடும். அந்தக் கார் கொடைக்கானலுக்கோ ஊட்டிக்கோ ஏறினால் அருமை புரியும். அமெரிக்காவில் முன்கண்ணாடியின் ஆவியையும் பனியையும் நீக்கும் அமைப்பு காரில் இருந்தே ஆக வேண்டும் என்று 103-ஆம் எண் பாதுகாப்பு விதி சொல்கிறது. அதைத் தேவையற்ற சொகுசாக இங்கே எண்ணுவது தவறு.

பின்கண்ணாடியில் வேலை செய்வது காற்றில்லை, மின்சாரம். கண்ணாடியில் பதிந்த மெல்லிய கோடுகள் சூடாகி ஆவியை நீக்குகின்றன. பேட்டரியிலிருந்து நிறைய மின்சாரம் இழுப்பதால் பல கார்களில் அது சில நிமிடங்களில் தானே அணைந்துவிடும். எஞ்சின் ஓடும்போது மட்டும் போடுவது நல்லது. ஆவி நீங்கும்போது ஒரு கோட்டை ஒட்டி மட்டும் மங்கல் நின்றால் அந்தக் கோடு அறுந்திருக்கிறது. 2012-இல் உச்ச நீதிமன்றம் கறுப்பு ஃபிலிமுக்குத் தடை விதித்த பிறகு, பிளேடால் சுரண்டி உரித்த பல கார்களில் இந்தக் கோடுகள் அறுந்துபோயின. மூட்டைகள் உரசியும் அறுவதுண்டு. மல்டிமீட்டரின் ஒரு முனையைக் கார் பாடியிலும் மறுமுனையைக் கோட்டிலும் வைத்து நகர்த்தினால், நல்ல கோட்டில் 12 வோல்ட் படிப்படியாகக் குறையும். அறுந்த கோட்டில் ஓரிடத்தில் சட்டென்று பூச்சியத்துக்கு விழும். அந்த இடத்தை ஸ்பிரிட்டால் துடைத்து, இருபுறமும் டேப் ஒட்டி, மின்சாரம் கடத்தும் வெள்ளிப் பூச்சைத் தடவி, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டுச் சுவிட்சைப் போடலாம். எல்லாக் கோடுகளும் ஒருசேர வேலை செய்யாவிட்டால் பூச்சு வேண்டியதில்லை. கண்ணாடியின் ஓரத்தில் வயர் சேரும் முனை கழன்றிருக்கும், அல்லது ஃபியூஸ் போயிருக்கும்.