மணலில் ஒரு திருப்பம்

இரயில்வேயில் ஊழியம் புரியும் நம் போன்றோருக்கு மணல் உற்ற தோழன். ஏற்றத்தில் சக்கரம் வழுக்கினால் எஞ்சினிலிருந்து தண்டவாளத்தின்மேல் மணல் தூவப்படும், சக்கரம் பற்றிக்கொள்ளும். ஆனால் மேடுபள்ளமான மண் தரையில் மோட்டார் சைக்கிள் ஓட்டும் ‘மோட்டோகிராஸ்’ பந்தயக்காரர்களுக்கோ ஆழ்ந்த மணலே பெருஞ்சோதனை. நமது சங்கத்து இல்லங்கள் சிலவற்றிலும் இப்பந்தய மோகம் புகுந்துவிட்டபடியால், பெற்றோரும் இதன் நுட்பத்தைச் சிறிது அறிந்திருத்தல் நலம்.

கெட்டித் தரையில் வளைவை நெருங்கி, பிரேக்கை அழுத்தி, வண்டியைச் சாய்த்துத் திருப்பலாம். டயர் தரையைக் கவ்வும். மணலில் இம்முறை செல்லாது. வளைவின் நடுவே அஞ்சி ஆக்ஸிலேட்டரைத் தளர்த்தினால் பாரம் முன்னே சரிகிறது. முன்சக்கரம் ஏர்க்கொழுவைப்போல் மணலுள் புதைகிறது. கைப்பிடி முறுக்கிக்கொள்ள, ஓட்டுபவன் தலைக்குப்புற விழுகிறான். தோள்பட்டை எலும்பு முறிவது இவ்வாறுதான். “மெதுவாகப் போ” என்று நாம் கூறும் புத்திமதி வளைவுக்கு முன்னர் பொருந்தும். வளைவுக்குள் அதுவே ஆபத்து.

ஆகவே, தேர்ந்தவர்கள் செய்வது யாதெனில், வேகத்தை முன்கூட்டியே குறைத்துக்கொள்கின்றனர். அதற்கும் பிரேக் மிகுதியாக வேண்டியதில்லை; மணலே வண்டியை இழுத்துப் பிடிக்கும். பின்னர் உடலைச் சற்றுப் பின்னே வைத்து, ஆக்ஸிலேட்டரை ஒரே சீராக முறுக்கி, முன்சக்கரத்தை மணலின்மேல் மிதக்க விடுகின்றனர். வண்டியைத் திருப்புவதில் பெரும்பங்கு பின்சக்கரத்திற்கே. வளைவுக்கு வெளிப்புறமுள்ள கால்மிதியை அழுத்தி மிதிக்கவேண்டும். உட்புறக் காலை முன்னே தூக்கி நீட்டலாம். மணலில் ஊன்றினாலோ முழங்கால் திருகிவிடும்.

குறுகலாகத் திரும்பாமல் அகன்ற வளைவாகச் செல்வதும் முக்கியம். பல வண்டிகள் ஒதுக்கிய மணல் வெளிப்புறத்தில் வரப்பாகக் குவிந்திருக்கும். அதில் சக்கரத்தை அணைத்துச் சென்றால் அதுவே தாங்கும். இரயில் பாதையின் வளைவில் வெளித் தண்டவாளத்தைச் சற்று உயர்த்தி அமைக்கிறோமல்லவா? ஏறத்தாழ அதே தத்துவம்தான்.

இவ்வித்தையில் பெயர்பெற்றவர்கள் பெல்ஜியத்தாரும் ஹாலந்துக்காரருமே. பெல்ஜியத்தின் லொம்மெல் களம் மணலுக்குப் பேர்போனது. 2012-இல் நாடுகளுக்கிடையேயான மோட்டோகிராஸ் போட்டி அங்குதான் நடந்தது. ஹாலந்தின் ஜெஃப்ரி ஹெர்லிங்ஸ், 2010-இல் தம் நாட்டு வால்கென்ஸ்வார்ட் மணற்களத்தில் தமது முதல் கிராண்ட் பிரி வெற்றியை அடைந்தபோது அவருக்கு வயது 15 தான்! நம்மவர்க்கும் மணல் கைவராததன்று. இரயில்வேக்காரர் யாவரும் அறிந்த ஷொரணூரைச் சேர்ந்த ஹரித் நோவா, 2024 ஜனவரியில் சவூதி அரேபியாவில் நடந்த டாக்கர் நெடும்பந்தயத்தில் தமது பிரிவில் முதலிடம் பெற்றார்.

ஒன்றை மட்டும் இளைஞர்கள் மறத்தலாகாது. தார்ச்சாலையில் மெல்லியதாகப் படிந்திருக்கும் மணல் வேறு வகை. அங்கே சக்கரம் புதைவதில்லை, சறுக்குகிறது. ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் பின்சக்கரம் பறந்துபோகும். அங்கே முன்பே வேகம் தணித்து, வண்டியை நிமிர்த்தியவாறு கடப்பதே முறை.

பழகுவோர் தலைக்கவசம், முழங்கால் காப்பு, உயரமான பூட்ஸ் ஆகியவற்றுடன் திறந்த மணற்பரப்பில் இரு அடையாளங்களை நட்டு, எட்டு வடிவில் சுற்றிவரலாம். பத்துச் சுற்றுக்குள் தடம் பள்ளமாகி, வரப்பும் இடம்பெயர்ந்திருக்கும். பதினோராவது சுற்றுக்குப் புதிய பாதையைக் கண்ணால் தேட வேண்டியதுதான்.