அதிவீரர் படக்கதைகள்

பொழுதுபோக்குக்காகப் பிறந்து, பெரியோரின் வெறுப்புக்கு ஆளாகி, பின்னர்ப் பல்கலைக்கழகங்களில் ஆராய்ச்சிப் பொருளாகவும் அமர்ந்த கலைகள் சில உண்டு. நாடகம் அத்தகையது, திரைப்படம் அத்தகையது, அமெரிக்க நாட்டுப் படக்கதையும் அத்தகையதே. அப்படக்கதைகளுள் தனியொரு வகுப்பாக நிற்பவை, மனித ஆற்றலை மிஞ்சிய ஆற்றல் வாய்ந்த வீரரைப் பற்றியவை. ‘சூப்பர் ஹீரோ’ என்று வழங்கும் அவர்களை இப்பேச்சில் அதிவீரர் என்றே குறிப்போம்.

மாணவ நண்பர்களே, இக்கதைகளுக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. பத்தாண்டுக்குப் பத்தாண்டு வெளிவந்தவற்றுள் நான் விரும்பும் சிலவற்றை உங்கள்முன் வைக்க எண்ணுகிறேன். விருப்பத்துக்கும் ஓர் அளவுகோல் வேண்டும் அன்றோ? மலையைப் பெயர்க்க வல்லவனிடம் மலையைப் பெயர்க்கும் வேலையைக் கொடுத்தால் அங்கே கதை இல்லை. வேடிக்கை மட்டுமே உண்டு. அவன் ஆற்றலால் எது இயலாதோ, அதன்முன் அவனைக் கொண்டுபோய் நிறுத்தும்போதுதான் கதை பிறக்கிறது. இந்த ஒரு கோலைக் கொண்டே நான் தேர்ந்திருக்கிறேன்.

அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்திலுள்ள கிளீவ்லாந்து நகரில் ஜெர்ரி சீகல், ஜோ ஷஸ்டர் என்னும் பள்ளித் தோழர் இருவர் இருந்தனர். ஒருவர் கதை புனைவார். மற்றவர் படம் வரைவார். அவர்கள் படைத்த சூப்பர்மேன் 1938ஆம் ஆண்டு ஜூன் மாதத்து ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழில் தோன்றினான். இதழின் விலை பத்து சென்ட். அம்முதற்கதையைப் படிப்போர் வியப்படைவர். அதில் வேற்றுக்கோள் அரக்கர் இல்லை. உலகை விழுங்க வரும் பகைவரும் இல்லை. செய்யாத குற்றத்துக்காகக் கொலைத்தண்டனை பெற்ற பெண்ணொருத்தியைக் காக்க, ஆளுநரின் மாளிகைக் கதவை உடைத்துச் செல்கிறான் சூப்பர்மேன். மனைவியை அடிக்கும் கணவனைத் தண்டிக்கிறான். பின்னர்த் தலைநகர் சென்று, சட்டமன்றத்தாரை விலைபேசும் தரகனைப் பிடித்து உலுக்குகிறான். பொருளாதார வீழ்ச்சியில் நொந்திருந்த ஒரு தலைமுறையின் கனவு அது. அன்று அவனுக்குப் பறக்கத் தெரியாது என்பதை நினைவில் வையுங்கள்; ஒரு மைலில் எட்டில் ஒரு பங்கு தூரம் தாவ மட்டுமே தெரியும்.

இவ்வீரனின் முழு உரிமையையும் அவ்விளைஞர் நூற்று முப்பது டாலருக்கு எழுதிக்கொடுத்துவிட்டனர். அவன் பெயரால் பிறர் பெருஞ்செல்வம் ஈட்டினர். படைத்தவர்களோ வறுமையில் உழன்றனர். 1975இல் பொதுமக்களின் குரல் ஓங்கிய பிறகே, ஆண்டுக்கு இருபதாயிரம் டாலர் உதவித்தொகையும், கதையின் தலைப்பில் தங்கள் பெயரும் அவர்களுக்குக் கிடைத்தன. நீதிக்காகக் கதவை உடைக்கும் வீரனைப் படைத்தவர்கள் தமக்குரிய நீதிக்காக ஏறத்தாழ நாற்பதாண்டு காத்திருந்தார்கள்.

நாற்பதுகள் போரின் பத்தாண்டு. அமெரிக்கா போரில் இறங்குவதற்கு ஏறக்குறைய ஓராண்டு முன்னரே, இட்லரின் தாடையில் குத்துவிடும் கேப்டன் அமெரிக்காவை ஜோ சைமனும் ஜாக் கிர்பியும் அட்டையில் வரைந்துவிட்டனர். துணிவான அட்டைதான், ஆயினும் என் மனம் நாடுவது வேறொன்று. வில் ஐஸ்னர் என்பார், ஞாயிறுதோறும் செய்தித்தாளுடன் இணைப்பாக வந்த ஏழு பக்கக் கதைகளில் ‘ஸ்பிரிட்’ என்னும் முகமூடி வீரனைப் படைத்தார். 1948 செப்டம்பர் 5ஆம் நாள் வந்த கதையில் ஸ்பிரிட் ஓரத்தில்தான் வருகிறான். கதைத்தலைவன் கெர்ஹார்ட் ஷ்னாபிள் என்னும் எளிய காவலாளி. அவனுக்குப் பறக்கத் தெரியும்! இளமையில் அதைப் பெற்றோர் கடிந்து அடக்கினர். அவனும் மறந்து வாழ்ந்தான். முதுமையில் வேலையும் பறிபோகவே, தான் யார் என்று உலகுக்குக் காட்டக் கருதி வானளாவிய கட்டடத்தின் உச்சியிலிருந்து பாய்கிறான், பறக்கவும் செய்கிறான். அதே கூரைமேல் ஸ்பிரிட்டும் கள்வரும் போரிடுகின்றனர். குறிதவறிய குண்டொன்று அவன்மேல் பாய்கிறது. தெருவில் விழுந்து கிடந்தவன் ஒரு கணத்துக்கு முன்னர்ப் பறந்தான் என்பது எவருக்கும் தெரியாது. ஆற்றல் இருந்தும் அதைக் கண்ட கண் ஒன்றுகூட இல்லை. ஏழே பக்கத்தில் இவ்வளவையும் சொல்லிமுடித்த கதையை நான் வேறெங்கும் கண்டதில்லை.

ஐம்பதுகளில் படக்கதைக்கே கேடு வந்தது. இளைஞரின் குற்றங்களுக்கு இவையே காரணம் என்று மனநோய் மருத்துவர் பிரெட்ரிக் வெர்தாம் 1954இல் நூலெழுதினார். அமெரிக்க மேலவையின் குழுவொன்று விசாரணை நடத்தியது. பதிப்பாளர் தாமே அஞ்சிக் கடுமையான கட்டுப்பாட்டு விதிகளை வகுத்துக்கொண்டனர். வெர்தாம் தீயவர் அல்லர். ஹார்லெம் பகுதியின் ஏழைக் கறுப்பின மக்களுக்காக மருத்துவமனை நடத்தியவர். ஆயினும், தம் முடிவுக்கு ஏற்பச் சிறுவர்களின் வாக்குமூலங்களை அவர் திரித்திருந்தார் என்பதைக் கேரல் டில்லி என்னும் ஆய்வாளர், அவருடைய கையெழுத்துக் குறிப்புகளோடு ஒப்பிட்டு 2012இல் வெளிப்படுத்தினார். மாணவர் படிப்பதைத் தடுக்க முற்படும் எந்த ஆசிரியரும் இந்த வரலாற்றை ஒருமுறை படித்துப் பார்ப்பது நல்லது. தடையின் நிழலில் வந்தவற்றுள் 1956ஆம் ஆண்டு ‘ஷோகேஸ்’ நான்காம் இதழின் பிளாஷ் கதை இனியது. மின்னல் தாக்கி வேகம் பெற்ற பாரி ஆலன் முதலில் செய்யும் அருஞ்செயல்களுள் ஒன்று, உணவு விடுதியில் பணிப்பெண்ணின் தட்டிலிருந்து கவிழ்ந்த பண்டங்களை அந்தரத்திலேயே ஏந்தி மீண்டும் அடுக்கிவைப்பது!

1962இல் ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் படைத்த ஸ்பைடர்மேனை நீங்கள் அறிவீர்கள். தன்னைக் கடந்து ஓடிய திருடனைப் பிடிக்காமல் விட்டான். அத்திருடனே அவன் சிற்றப்பனைக் கொன்றான். அந்தப் பழி அவனை விட்டு நீங்கவே இல்லை. 1966 பிப்ரவரி இதழில், மலைபோன்ற எந்திரத்தின் அடியில் அவன் நசுங்கிக் கிடக்கிறான். சிற்றன்னையின் உயிர்காக்கும் மருந்து கைக்கெட்டாத தொலைவில் இருக்கிறது. மேற்கூரையிலிருந்து நீர் கொட்டுகிறது. அவளுக்கு நோய் வந்ததே, கதிரியக்கம் கலந்த தன் குருதியை அவளுக்குக் கொடுத்ததால்தான். நன்மை செய்யப்போய் விளைந்த தீங்கு அது. அவன் எழுந்து நிற்பதற்கு டிட்கோ பக்கம் பக்கமாக எடுத்துக்கொள்கிறார். முயல்கிறான், தளர்கிறான், மீண்டும் முயல்கிறான்; இறுதியில் முழுப்பக்கப் படத்தில் எந்திரத்தைத் தூக்கி எறிகிறான்.

அந்த வெற்றியைப் படித்த பிள்ளைகளே ஏழு ஆண்டுகளுக்குப்பின் அதற்கு மறுதலையைப் படித்தனர். 1973 ஜூன் மாதத்து 121ஆம் இதழ். எழுதியவர் ஜெர்ரி கான்வே. வரைந்தவர் கில் கேன். ஸ்பைடர்மேனின் காதலி குவென் ஸ்டேசியைப் பகைவன் பாலத்தின் கோபுரத்திலிருந்து தள்ளிவிடுகிறான். ஸ்பைடர்மேன் தன் வலைக்கயிற்றை வீசி அவள் கால்களைப் பிடித்துவிடுகிறான். தன் திறமையைத் தானே மெச்சிக்கொண்டு மேலே இழுக்கிறான். வந்தது உயிரற்ற உடல். கயிறு பிடித்த கணத்தில் அவள் கழுத்தருகே சிறிய எழுத்தில் ஓர் ஒலிக்குறிப்பு பொறிக்கப்பட்டிருந்தது. திடீரென நிறுத்தியதால் கழுத்து முறிந்ததென்று பதிப்பகத்தார் பின்னர் வாசகர் கடிதப் பகுதியில் விளக்கினர்.

இங்கே இயற்பியல் மாணவர்கள் தாளும் பேனாவும் எடுக்கலாம். அவள் தொண்ணூறு மீட்டர் விழுந்தாள் என்று கொள்வோம். காற்றின் தடையை ஒதுக்கினால், நான்கு விநாடிக்குச் சற்று மிகுந்த நேரத்தில் அவள் வேகம் விநாடிக்கு நாற்பத்திரண்டு மீட்டர் ஆகும்; அதாவது மணிக்கு ஏறத்தாழ நூற்றைம்பது கிலோமீட்டர். அந்த வேகத்தை அரை விநாடியில் அடக்கினால், அவள் எடையைப்போல் எட்டு மடங்குக்கு மேற்பட்ட விசை உடலைத் தாக்கும். ஒரு விநாடியின் இருபதில் ஒரு பங்கில் அடக்கினாலோ எண்பது மடங்கைத் தாண்டும். கிரிக்கெட்டில் வேகமாக வரும் பந்தைப் பிடிப்பவன் கைகளைப் பின்னோக்கி இழுத்துக்கொண்டே பிடிப்பது இதனால்தான். நிறுத்தும் நேரம் நீண்டால் விசை குறையும். ஸ்பைடர்மேனுக்கு வலிமை குறையவில்லை, அன்பு குறையவில்லை, விரைவும் குறையவில்லை; நியூட்டனின் விதி அவனுக்காக நெகிழவில்லை. மினசோட்டா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜேம்ஸ் ககாலியோஸ் இக்காட்சியை வகுப்பறைப் பாடமாகவே ஆக்கி, 2005இல் தம் நூலிலும் விளக்கினார்.

இதே பத்தாண்டில், 1972இல், சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வழியே இரும்புக்கை மாயாவி தமிழ்ப் பிள்ளைகளை வந்தடைந்தான். மின்சாரம் பாய்ந்ததும் இரும்புக் கை மட்டும் தெரிய உடல் மறையும் அவன் இங்கிலாந்தில் பிறந்தவன்; ஆதலால் இக்கணக்கில் சேரான். சேர்க்க ஆசை உண்டு!

எண்பதுகளைப் பற்றிப் பேசுவோர் 1986இல் வெளிவந்த ‘வாட்ச்மென்’, ‘டார்க் நைட் ரிட்டர்ன்ஸ்’ ஆகிய இரண்டையுமே புகழ்வர். அவை பெரிய படைப்புகளே. ஆயினும் அவற்றுக்கு முன்னர் வந்த சிறிய கதைகள் இரண்டை நான் மேலாக மதிக்கிறேன். ஒன்று, 1985இல் ஆலன் மூர் எழுதி டேவ் கிப்பன்ஸ் வரைந்த சூப்பர்மேன் கதை. பகைவன் அனுப்பிய செடியொன்று அவன் மார்பில் பற்றிக்கொண்டு, அவன் உள்ளம் விழைந்த வாழ்வைக் கனவாகத் தருகிறது. பிறந்த கோள் அழியவில்லை. மனைவி இருக்கிறாள், மக்கள் இருக்கிறார்கள். விடுபட வேண்டுமானால் தன் சிறுவனைப் பார்த்து, நீ மெய்யல்லன் என்று கூறவேண்டும். கூறுகிறான். எந்தப் பகைவனின் அடியும் அவனை அவ்வாறு வருத்தியதில்லை.

மற்றொன்று ரோஜர் ஸ்டெர்ன் எழுதி 1984 ஜனவரி இதழில் வந்த பதினொரு பக்கக் கதை. ஸ்பைடர்மேனைப் பற்றிய செய்தித்தாள் நறுக்குகளையெல்லாம் சேர்த்துவைத்திருக்கும் ஒன்பது வயதுச் சிறுவன் டிம்மை, ஓர் இரவு ஸ்பைடர்மேனே காண வருகிறான். சண்டை ஒன்றும் இல்லை, பேச்சுத்தான். நீ யார் என்று சிறுவன் கேட்க, எவருக்கும் காட்டாத தன் முகத்தைக் காட்டுகிறான். சிற்றப்பன் இறந்த கதையையும் சொல்கிறான். விடைபெற்று வெளியே வந்து மதில்மேல் சிறிது நேரம் அமர்ந்திருக்கிறான். அப்போதுதான் வாயிற்பலகை நமக்குத் தெரிகிறது. அது புற்றுநோய் மருத்துவமனை. சிறுவனுக்கு இரத்தப் புற்றுநோய். வாழ்நாள் சில வாரங்களே. வீரனுக்கு இது முன்பே தெரியும், நமக்குத்தான் தெரியாது. மீண்டும் முதலிலிருந்து படித்தால் ஒவ்வொரு சொல்லும் வேறு பொருள் தருகிறது. அவனால் செய்ய முடிந்தது ஓர் இரவு உடனிருந்தது மட்டுமே.

1992இல் சூப்பர்மேன் இறந்தான் என்று ஒரு கதை வந்தது. கடை வாயில்களில் மக்கள் வரிசையில் நின்றார்கள். மறு ஆண்டே அவன் மீண்டான். அது வாணிகம். தொண்ணூறுகளில் நிலைத்தது என நான் கருதுவது, 1996இல் கர்ட் பியூசிக் எழுதிய ‘ஆஸ்ட்ரோ சிட்டி’ வரிசைச் சிறுகதை. அதிவீரர்களின் பெரும்போரில் காலமே சிதைந்து மீண்டும் ஒட்டப்படுகிறது. ஒட்டியபோது ஒரு பெண் பிறக்காமலே போய்விட்டாள். அவள் கணவனாக இருந்திருக்க வேண்டியவனுக்குக் கனவில் அவள் முகம் மட்டும் வந்துகொண்டே இருக்கிறது. மறக்கச் செய்யவா என்று ஓர் ஆவி கேட்கிறது. வேண்டாம் என்கிறான். இதுவரை எவரும் மறக்க விரும்பியதில்லை என்று ஆவி சொல்லிப் போகிறது.

இரண்டாயிரத்துக்குப் பின் வந்தவற்றுள், கிராண்ட் மாரிசனும் பிராங்க் குவைட்லியும் படைத்த ‘ஆல்-ஸ்டார் சூப்பர்மேன்’ பத்தாம் இதழில் ஒரே ஒரு பக்கம் போதும். சூப்பர்மேன் இறந்துகொண்டிருக்கிறான்; முடிக்கவேண்டிய பணிகளோ பல. அவற்றினிடையே, உயர்ந்த மாடியின் விளிம்பில் உயிர்விடத் துணிந்து நிற்கும் பெண்ணருகே வந்து, அவளைத் தேற்றி அணைத்துக்கொள்கிறான். 2014இல் வில்லோ வில்சன் எழுதிய ‘மிஸ் மார்வெல்’ கதையின் கமலா கான், ஜெர்சி நகரில் வாழும் பாகிஸ்தானியக் குடும்பத்துப் பெண். எவ்வுருவும் கொள்ளும் ஆற்றல் வந்ததும், பொன்னிறக் கூந்தலுடைய வேறொரு வீராங்கனையின் உருவையே முதலில் கொள்கிறாள். தன் உருவிலேயே வீரம் செய்யலாம் என்பது அவளுக்கு மெல்லத்தான் விளங்குகிறது. அடுத்த ஆண்டு அந்நூல் ஹியூகோ பரிசு பெற்றது.

இனி 2020ஆம் ஆண்டுக் கதை. அதற்கு வேர் வானொலியில் இருக்கிறது. சூப்பர்மேன் 1940 பிப்ரவரி 12 முதல் அமெரிக்க வானொலியில் ஒலித்தான். அவனை வாட்டும் கிரிப்டனைட் என்னும் கல்லும் 1943இல் வானொலி நாடகத்திலேயே முதலில் வந்தது. 1946இல், நிறவெறி கொண்ட கு கிளக்ஸ் கிளான் கூட்டத்தைப் போன்ற ஒரு கூட்டம் சீனக் குடும்பமொன்றைத் துன்புறுத்த, சூப்பர்மேன் அதை எதிர்த்து நின்ற தொடர்நாடகம் பதினாறு பகுதிகளாக ஒலிபரப்பாயிற்று. மாலை நேரத்தில் வானொலிப் பெட்டியருகே அமர்ந்த சிறுவர்களுக்கு அன்று கிடைத்த பாடம் சிறியதன்று. அந்நாடகத்தையே எடுத்து, சீன மரபில் வந்த எழுத்தாளர் ஜீன் லுயென் யாங், ஜப்பானிய ஓவியர் குழுவாகிய குரிஹிருவுடன் சேர்ந்து ‘சூப்பர்மேன் ஸ்மாஷஸ் த கிளான்’ என்று படைத்தார். அவர் ஒன்றைக் கூர்ந்து நோக்கினார். பழைய கதையில் சூப்பர்மேன் ஏன் தாவினான், ஏன் பறக்கவில்லை? பறந்தால் இவன் நம்மவன் அல்லன் என்று ஊரார் அஞ்சுவர். ஆகவே அவன் தன் ஆற்றலைத் தானே அறியாதவாறு அடக்கிவைத்தான் என்கிறார் யாங். புதிய ஊருக்குக் குடிவந்து, எவரோடும் ஒட்டமுடியாமல் தயங்கும் ராபர்ட்டா லீ என்னும் சிறுமிக்கு அந்த அச்சம் பழக்கமானது. ஆதலால் அவன் எதையோ மறைக்கிறான் என்பதை அவளே கண்டுகொள்கிறாள். தான் வேற்றுக்கோளில் பிறந்தவன் என்பதை உள்ளத்தில் ஏற்றுக்கொண்ட பின்னர்த்தான், அக்கதையின் சூப்பர்மேன் தரையைவிட்டு எழுந்து பறக்கிறான்.