இடது வலதாகும் நொடி

ரிமோட்டில் இயங்கும் மாதிரி விமானத்தை ஓட்டப் பழகுபவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது ஒரே இடத்தில்தான். விமானம் நம்மைவிட்டு விலகிப் போய்க்கொண்டிருக்கும்வரை சிக்கல் இல்லை. ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளினால் அதுவும் வலப்பக்கம் சாயும். திரும்பி நம்மை நோக்கி வரத் தொடங்கியதும் அதன் வலது நமக்கு இடதாகிவிடுகிறது. உள்ளே உட்கார்ந்து ஓட்டும் விமானிக்கு இந்தத் தொல்லை கிடையாது. விமானம் திரும்பும்போது அவரும் சேர்ந்தே திரும்புகிறார். தரையில் நிற்பவருக்குக் கண் மட்டும்தான் துணை.

பக்கம் மாற்றித் தள்ளினால் சாய்வு குறையாமல் கூடும். பதறி இன்னும் தள்ளினால் தலைகுப்புறப் பாயும். 60 மீட்டர் உயரத்திலிருந்து மணிக்கு 54 கிலோமீட்டர் வேகத்தில் நேர்கீழாகப் பாயும் விமானத்துக்குத் தரைதொட நான்கே நொடிதான். வேகம் கூடிக்கொண்டே போவதால் அதுவும் குறையும். இவ்வளவு நேரத்துக்குள் தவறை உணர்ந்து திருத்துவது புதியவருக்குச் சாத்தியமில்லை. பக்கத்தில் ஆசிரியர் நிற்க வேண்டிய காரணம் இதுதான்.

இதற்கென உள்ள ஏற்பாட்டை 'பட்டி பாக்ஸ்' என்கிறார்கள். டிரைவிங் ஸ்கூல் காரில் பயிற்சி தருபவரின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்குமே, அதுபோல. ஆசிரியரிடம் ஒரு டிரான்ஸ்மிட்டர், மாணவரிடம் ஒன்று. நடுவே ஒரு கேபிள். புதிய கருவிகளில் கேபிளும் இல்லை. விமானத்துக்குச் சிக்னல் அனுப்புவது ஆசிரியரின் கருவி மட்டுமே. மாணவரின் ஸ்டிக் இருக்கும் நிலை, ஒன்று முதல் இரண்டு மில்லிநொடி வரை நீளும் துடிப்புகளாக ஆசிரியரின் கருவிக்கு வருகிறது. நொடிக்குச் சுமார் ஐம்பது முறை.

ஆசிரியரின் கருவியில் ஸ்பிரிங் வைத்த ஒரு சுவிட்ச் உண்டு. அதைப் பிடித்திருக்கும்வரை மாணவர் ஓட்டுவார். விட்ட மறுகணம் விமானம் ஆசிரியர் கைக்கு வந்துவிடும். பிடித்தால் கொடுப்பது, விட்டால் எடுப்பது என்று அமைத்தவரின் அறிவை மெச்சத்தான் வேண்டும். ஆசிரியரே திடுக்கிட்டு விரலை எடுத்தாலும் விமானம் தேர்ந்த கைக்கே போய்ச் சேரும். பறக்கும் முன் இரு கருவிகளின் டிரிம் அளவுகளும், அதாவது ஸ்டிக்கைத் தொடாதபோது விமானத்தை நேராக வைக்கும் நுண்திருத்தங்களும், பொருந்துகின்றனவா என்று பார்த்துவிட வேண்டும். இல்லாவிட்டால் கைமாறும்போது விமானம் துள்ளும்.

அமெரிக்காவின் கலமசூ நகரைச் சேர்ந்த இரட்டையர் வால்டர் குட், வில்லியம் குட் இருவரும் 1937-இல் 'கஃப்' என்ற தங்கள் மாதிரி விமானத்தை வானொலி அலையால் இயக்கியபோது, அவர்களுக்குச் சொல்லித்தர யார் இருந்தார்கள்? அந்த விமானம் இப்போது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

பயிற்சி விமானத்தின் வடிவமும் ஓர் ஆசிரியர்தான். இறக்கை உடலுக்கு மேலே இருக்கும். இரு நுனிகளும் சற்றே உயர்ந்திருக்கும். ஒரு பக்கம் சாய்ந்ததும் விமானம் அந்தப் பக்கமாகச் சறுக்குகிறது. அப்போது தாழ்ந்த இறக்கை காற்றைக் கூடுதல் கோணத்தில் சந்திப்பதால் அதற்குத் தூக்குவிசை கூடி, விமானம் தானாக நிமிர முயல்கிறது. போதிய உயரம் இருக்கும்போது, பதறிய மாணவரிடம் ஆசிரியர் "ஸ்டிக்கை விடுங்க" என்று சொல்ல முடிவது இதனால்தான்.

எதிரே வரும் விமானத்துக்கு ஒரு சூத்திரம் உண்டு: எந்த இறக்கை தாழ்ந்து தெரிகிறதோ, அந்தப் பக்கமே ஸ்டிக்கைத் தள்ளுங்கள். யோசித்துச் செய்தால் தாமதமாகிவிடும்; விரல் தானாக நகர வேண்டும். அந்தப் பழக்கத்துக்குக் கணினி சிமுலேட்டர் அருமையான கருவி, புதியவர்கள் அதைத் தவிர்க்கக் கூடாது என்பேன். ஆனால் உண்மையான காற்றையும் தொலைவையும் திடலில்தான் பழக முடியும்.

எல்லாவற்றிலும் கடினம் தரையிறக்கம். விமானம் நம்மை நோக்கித் திரும்பும். தாழ்வாகவும் இருக்கும், வேகமும் குறைவு. ஓடுபாதைக்கு முன்பே இறங்கிவிடுமோ என்று பயந்து, மாணவர் எலிவேட்டரை இழுத்து மூக்கை உயர்த்துவார். விமானம் உயராது, வேகம்தான் குறையும். காற்றைச் சந்திக்கும் கோணம் ஏறக்குறைய 15 பாகையைத் தாண்டினால், இறக்கையின் மேற்பரப்பைத் தழுவி ஓடும் காற்று பிரிந்துபோய்த் தூக்குவிசை சரிந்துவிடும்; இதுதான் ஸ்டால். இறக்கத்தைக் குறைக்க அங்கே தேவைப்படுவது கொஞ்சம் திராட்டில், அதாவது எஞ்சின் விசை. வேகத்தை எலிவேட்டரும் இறக்கத்தை திராட்டிலும் கவனித்துக்கொள்ளும் என்பது புதியவருக்குத் தலைகீழாகத் தோன்றும்.

அதனால் நல்ல ஆசிரியர் இதை நேரடியாகத் தரையருகே சொல்லிக்கொடுப்பதில்லை. எஞ்சின் வேகத்தைக் குறைத்து உயரத்திலேயே ஒரு ஸ்டாலை வரவழைத்து, மூக்கு தானாகக் கவிழ்வதையும், வேகம் கூடியதும் விமானம் மீள்வதையும் மாணவரையே செய்து பார்க்கச் சொல்கிறார். தன் விரலைச் சுவிட்சில் வைத்தபடி.