தேசியக் காப்பீட்டுப் பதிவில் ஓர் ஆண்டைக் காணோம்: பிரிட்டனில் வேலையிழந்தோர் உதவித்தொகை ஏன் மறுக்கப்படுகிறது?

கடந்த நவம்பரில் ஒரு ஜும்ஆவுக்குப் பிறகு, கிழக்கு லண்டனில் வசிக்கும் சகோதரர் ஒருவர் நம்மிடம் ஒரு கடிதத்துடன் வந்தார். சொந்த ஊர் ராமநாதபுரம் மாவட்டம். நான்கரை ஆண்டுகளாக ஒரே பலசரக்குக் கடையில் வேலை. ஆட்குறைப்பில் வேலை போனது. ஜாப் சென்டரில் உதவித்தொகைக்கு விண்ணப்பித்தார். 2022-23 வரி ஆண்டில் போதுமான தேசியக் காப்பீட்டுச் சந்தா இல்லை என்று மறுத்துக் கடிதம் வந்துவிட்டது.

"ஹஜ்ரத், மாசாமாசம் சம்பளத்துல புடிச்சாங்களே, அந்தக் காசெல்லாம் எங்க போச்சு?" என்று கேட்டார்.

பக்கத்தில் நின்ற இன்னொருவர், "விடுங்க பாவா, கவர்மெண்ட் காசு வாங்கிச் சாப்பிடணும்னு என்ன தலையெழுத்து" என்றார். இந்த எண்ணம் நம் மக்களிடம் பரவலாக இருப்பதால் அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறோம். இவர் கேட்டது ஸதகா அல்ல. 1911-ஆம் ஆண்டின் தேசியக் காப்பீட்டுச் சட்டத்திலிருந்தே, தொழிலாளியும் முதலாளியும் வாராவாரம் செலுத்தும் பணத்திலிருந்து வேலையிழந்தவருக்குக் கொடுப்பது என்ற ஏற்பாடு பிரிட்டனில் இருக்கிறது. அன்று அட்டையில் ஸ்டாம்ப் ஒட்டினார்கள். இன்றும் சில பெரியவர்கள் இந்தச் சந்தாவை 'ஸ்டாம்ப்' என்றே சொல்வதைக் கேட்கலாம். விவரங்களை மறைக்காமல் விண்ணப்பித்து வாங்கும் இந்தத் தொகையில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

இதன் இன்றைய பெயர் 'நியூ ஸ்டைல் ஜாப்சீக்கர்ஸ் அலவன்ஸ்'. 2025-26-இல் 25 வயதும் அதற்கு மேலும் உள்ளவருக்கு வாரம் 92.05 பவுண்டு, 25 வயதுக்குக் கீழ் 72.90 பவுண்டு. அதிகபட்சம் 182 நாட்கள். சேமிப்பு எவ்வளவு, மனைவி என்ன சம்பாதிக்கிறார் என்று பார்ப்பதில்லை. யுனிவர்சல் கிரெடிட் அப்படியல்ல. அதில் சேமிப்பு 16,000 பவுண்டைத் தாண்டினால் கதவு மூடிவிடும்.

சந்தா நிபந்தனையில்தான் நம்மவர்கள் தடுமாறுகிறார்கள். எந்த ஆண்டின் சந்தாவைப் பார்க்கிறார்கள் என்பதே பலருக்கும் தெரிவதில்லை. பிரிட்டனின் வரி ஆண்டு ஏப்ரல் 6-இல் தொடங்கி அடுத்த ஏப்ரல் 5-இல் முடிகிறது. உதவித்தொகைக்கான ஆண்டோ ஜனவரி முதல் ஞாயிற்றுக்கிழமையில் தொடங்குகிறது. விண்ணப்பம் எந்த உதவி ஆண்டில் விழுகிறதோ, அந்த ஆண்டு தொடங்கும் முன் முழுதாக முடிந்த கடைசி இரண்டு வரி ஆண்டுகளே கணக்கு. நம் சகோதரர் நவம்பர் 2025-இல் விண்ணப்பித்தார். ஆகவே 2022-23, 2023-24 என்ற இரண்டை மட்டுமே பார்த்தார்கள். அதற்குப் பிறகு ஒன்றரை ஆண்டுக்கும் மேல் அவர் செலுத்தியது எதுவும் கணக்கில் வரவில்லை.

அந்த இரண்டு ஆண்டுகளில் ஏதேனும் ஒன்றில் குறைந்தது 26 வாரங்களுக்குரிய சந்தா உண்மையிலேயே செலுத்தப்பட்டிருக்க வேண்டும். தவிர, இரண்டு ஆண்டுகளிலும் வாராந்தர அடிப்படை வரம்பைப் போல் 50 மடங்கு வருமானத்துக்குச் சந்தா செலுத்தப்பட்டோ வரவு வைக்கப்பட்டோ இருக்க வேண்டும். அப்போது வரம்பு வாரம் 123 பவுண்டு. அதாவது ஆண்டுக்கு 6,150 பவுண்டு. நம் சகோதரரின் சம்பளம் இதைப் போல் பல மடங்கு. ஆனாலும் எச்.எம்.ஆர்.சி. இணையக் கணக்கைத் திறந்து பார்த்தபோது 2022-23 வெறுமையாக இருந்தது.

பதிவு வெறுமையாவதற்குப் பல காரணங்கள் உண்டு. சுயதொழில் செய்பவர் செலுத்தும் சந்தா இந்த உதவிக்குச் சேராது. டாக்ஸி, டெலிவரி வேலை செய்யும் நம் இளைஞர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இரண்டு இடங்களில் பகுதிநேரமாக வேலை செய்து ஒவ்வொன்றிலும் வாரம் 100 பவுண்டு வாங்கும் சகோதரிக்கு, இரண்டையும் கூட்டிப் பார்ப்பதில்லை. இரண்டுமே வரம்புக்குக் கீழ் என்று விடுபட்டுப் போகும். ஒரே இடத்தில் வாரம் 150 வாங்கினால், ஒரு பென்ஸ்கூடப் பிடிக்காவிட்டாலும் செலுத்தியதாகவே கருதப்படும். 12 வயதுக்குட்பட்ட பிள்ளைக்காக சைல்டு பெனிஃபிட் வாங்கும் தாய்க்குக் கிடைக்கும் வரவு ஓய்வூதியத்துக்கு உதவும், இதற்கு உதவாது.

இன்னொன்று பெயர் விவகாரம். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் ஓரிடத்தில் முன்னால், ஓரிடத்தில் பின்னால். முஹம்மது என்பதை ஆங்கிலத்தில் எழுத எத்தனை விதம் என்று சொல்லத் தேவையில்லை. இதனுடன் காப்பீட்டு எண்ணிலும் ஓர் இலக்கம் தவறிவிட்டால், கட்டிய பணம் உரியவரின் பதிவில் போய்ச் சேராது.

நம் சகோதரரின் கதை வேறு. 2023 வசந்தத்தில் கடை கை மாறியது. பழைய முதலாளி சம்பளத்தில் பிடித்தாரே தவிர, அரசுக்கு அறிக்கை அனுப்பவே இல்லை. மே 31-க்குள் தர வேண்டிய பி60 படிவத்தையும் அந்த ஆண்டு தரவில்லை. அந்த நிறுவனமே இப்போது கலைக்கப்பட்டுவிட்டது.

இந்த இடத்தில் சட்டம் தொழிலாளியின் பக்கம் நிற்கிறது. 2001-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சந்தா விதிகளில் 60-ஆவது விதி இதற்காகவே உள்ளது. முதலாளி சந்தாவைச் செலுத்தாமல் விட்டாலும், அதற்குத் தொழிலாளி உடந்தையாகவோ அலட்சியமாகவோ இல்லை என்றால், உதவித்தொகைக்காக அது செலுத்தப்பட்டதாகவே கருதப்படும். அதைக் காட்ட ஆதாரம் வேண்டும். அவர் மனைவி சம்பளச் சீட்டுகளை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தார்! அந்த ஆண்டின் பன்னிரண்டில் ஒன்பது கிடைத்தன. மீதி மூன்று மாதத்துக்கு வங்கிக் கணக்கு அறிக்கை. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொன்ன மார்க்கத்தில் இருந்துகொண்டு, சம்பளச் சீட்டைக் குப்பையில் போடுகிறோம்.

'உடந்தை' என்ற சொல்லை இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். "கையில தர்றேன், உனக்கும் மிச்சம் எனக்கும் மிச்சம்" என்று முதலாளி சொல்ல, சரி என்று வாங்கியவருக்கு இந்த விதி கை கொடுக்காது. அப்படிச் சொல்லும் முதலாளிகளில் நம் ஜமாஅத்தில் முன்வரிசையில் நிற்பவர்களும் இருக்கிறார்கள் என்பதை மறைத்துப் பயனில்லை. அவர்கள் மிச்சப்படுத்துவது வரியை மட்டுமல்ல. அந்தத் தொழிலாளியின் வேலையிழப்பு உதவியும் முதுமைக்கால ஓய்வூதியமும் அதில் போகின்றன. முழு ஓய்வூதியத்துக்கு 35 ஆண்டுப் பதிவு தேவை. 10 ஆண்டு இல்லாவிட்டால் பொதுவாக ஒன்றுமே இல்லை.

மறுப்புக் கடிதம் வந்தால் ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேட்க வேண்டும். அதிலும் மறுத்தால், அந்தப் பதில் வந்த ஒரு மாதத்துக்குள் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். சந்தா செலுத்தப்பட்டதா இல்லையா என்பதைத் தீர்மானிப்பது ஜாப் சென்டர் அல்ல, எச்.எம்.ஆர்.சி. ஆகவே இரண்டு இடத்துக்கும் ஒரே நேரத்தில் எழுத வேண்டும். ஒருவர் பதிலுக்காகக் காத்திருந்து மற்றவரிடம் கெடுவைத் தவற விடுவதுதான் நாம் அடிக்கடி காணும் தவறு.

நம் சகோதரருக்கு சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பில் ஒரு தன்னார்வலர் இன்னொரு வழியும் சொன்னார். 2026 ஜனவரி 4-இல் புது உதவி ஆண்டு தொடங்குகிறது. அதன்பின் புதிதாக விண்ணப்பித்தால் 2023-24, 2024-25 பார்க்கப்படும்; இரண்டும் அவருக்கு நிறைவாக இருந்தன. அப்படியே செய்தார், அல்ஹம்துலில்லாஹ், கிடைத்தது. நமக்கும் இது அதுவரை தெரியாது.

எதுவுமே கிடைக்காதவர்கூட வேலை தேடும் வாரங்களுக்குச் சந்தா வரவு மட்டும் கேட்டுப் பதிந்து கொள்ளலாம். விசாவில் 'பொது நிதி இல்லை' என்று இருப்பவர்கள் அஞ்சி ஒதுங்க வேண்டியதில்லை. சந்தா அடிப்படையிலான இந்த உதவி அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் முதலாளி ஸ்பான்சர் செய்த விசாவில் வேலை இழந்தவருக்கு விசாவே கேள்வியாகிவிடும். அவர் முதலில் தகுதிபெற்ற குடிவரவு ஆலோசகரைப் பார்ப்பது நல்லது.

நவம்பர் முதல் ஜனவரி வரையிலான எட்டு வாரத் தொகை, 736 பவுண்டு, இன்னும் நிலுவையில் இருக்கிறது. எச்.எம்.ஆர்.சி. சம்பளச் சீட்டுகளை வாங்கிக்கொண்டு, விடுபட்ட மூன்று மாதங்களுக்கு வங்கி அறிக்கையின் முத்திரையிட்ட பிரதி கேட்டிருக்கிறது. சென்ற வாரம் அனுப்பி வைத்தோம்.